மேல்வரிசைப் பல்

தம்பி, நீங்கள் இங்கே நிற்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாக நின்று பாருங்கள். பல்லை மட்டும் காட்டாதீர்கள். கண்ணாடியைத் தட்டவும் வேண்டாம். நீங்கள் தட்டவில்லை, தெரியும். சொல்லி வைத்தேன். தட்டுகிறவர்களுக்கு இங்கே குறைச்சலே இல்லை.

நான் ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு ஜூவுக்குள் வந்து, சிம்பன்ஸிக்கு முதுகைக் காட்டி உட்காருகிற ஆள் நான் ஒருவன்தான். நேற்று ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், "அந்தத் தாத்தாவுக்குக் கண்ணு தெரியாதாம்மா?" என்று கேட்டது. கண் நன்றாகத் தெரியும். இன்றைக்கும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பேன்.

உட்காருங்கள். திட்டு சுட்டால் இந்தத் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் யாரிடமும் போய்ப் பேசுகிறவன் இல்லை. நீங்கள் ஒரு மாதிரி பார்த்ததால் சொல்கிறேன்.

உள்ளே இருக்கிறவள் பெயர் ஷீலா. கண்ணாடிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறாள்? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், கீழுதடு எப்படி இருக்கிறது? இறுக்கி வைத்திருக்கிறாளா, தொங்குகிறதா? தொங்குகிறதா. சரி. அப்படியென்றால் நாம் நிதானமாகப் பேசலாம்.

என் பெயர் சங்கரலிங்கம். ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் நூலைக் கோனாகச் சுற்றுகிற பிரிவுக்கு மேஸ்திரியாக இருந்தேன். என் வீட்டுக்காரி கோமதி தவறிய பிறகு மகன் குமரேசன் என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் வீட்டிலிருந்து இந்த ஜூ இரண்டு ஸ்டாப்பிங். வருஷச் சீட்டு வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். "அப்பா, நல்ல காத்து. காலைல போனா சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம். மத்தியானத்துக்காக வீட்டுக்கு அலைய வேண்டாம்" என்றான். பொறுப்பான பையன். மருமகள் சுகன்யா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். மறுநாளே கடைக்குப் போய்ப் புதுத் தூக்குவாளி வாங்கி வந்துவிட்டாள், எனக்குச் சோறு கட்டிக் கொடுக்க. எவ்வளவு அக்கறை பாருங்கள்.

முதல் வாரம் எல்லா மிருகத்தையும் சுற்றிப் பார்த்தேன். புலி என்னைப் பார்க்கவே இல்லை. நீர்யானை யாரையுமே பார்க்காது. மயிலுக்கு மயிலைப் பார்க்கத்தான் நேரம். அப்புறம் இங்கே வந்து நின்றேன். இவள் அப்போது தனி. கூட இருந்த ஆண், பாபு என்று பெயராம், அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு செத்துப்போயிருந்தது. கோமதி ஆவணியில் போனாள். நான் அதையும் இதையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை. மாதத்தைச் சொன்னேன், அவ்வளவுதான்.

நான் வந்து நின்றதும் இவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். சும்மா சிரிப்பு இல்லை தம்பி. இரண்டு வரிசைப் பல்லும் தெரிய, உதட்டைக் காதுவரைக்கும் இழுத்து ஒரு சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்குத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். முன்பு எனக்கு முன்பல் கிடையாது. கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவேன். ஊரைவிட்டு வந்ததும் குமரேசன் பல்செட் கட்டி வைத்தான். நல்ல பல், வரிசையாக, அரிசி அரிசியாக. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சிரிப்பது? மனிதர்களிடம் எனக்குக் கூச்சம். இவளிடம் கூச்சம் இல்லை. அந்தப் பல்லோடு நான் முதன்முதலாகச் சிரித்தது இவளைப் பார்த்துத்தான். அவளும் காட்டுவாள், நானும் காட்டுவேன். கண்ணோடு கண் பார்த்து அப்படியே நிற்போம். நாள் தவறாமல் வருவேன், அவளும் தவறாமல் சிரிப்பாள். சில நாள் உள்ளங்கை மேலே பார்க்க ஒரு கையை என் பக்கம் நீட்டுவாள். போய்விட்டு வா என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கும்பிட்டுவிட்டுக் கிளம்புவேன்.

வருஷம் ஒன்று அப்படிப் போனது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மனதுக்குள் ஒரு நிறைவு இருக்கும். இன்றைக்கு ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று.

இவளைப் பார்த்துக்கொள்கிற கீப்பர் பச்சையம்மா. இப்போது பின்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருப்பாள். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்ட பெண். வாய் கொஞ்சம் அதிகம். முதலிலெல்லாம் வாளியோடு என்னைக் கடந்து போகும்போது ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவாள்.

"இன்னா பெரியவரே, போலீஸ்ல இருந்தீங்களா?"

"இல்லம்மா. மில்லு."

"மில்லுல இன்னா வேலை?"

"மேஸ்திரி."

"அதான பார்த்தேன். கையப் பின்னால கட்டிக்கினு நீங்க வந்து நின்னா, கூண்டைச் சரியாக் கழுவலியோன்னு எனக்கே வயித்தக் கலக்குது."

நானும் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று இருந்தேன்.

பிறகு ஒரு நாள், போன மாசி என்று வைத்துக்கொள்ளுங்கள், வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். "பெரியவரே, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது" என்றாள். கோபித்துக்கொள்ளக் கூடாது என்று யாராவது ஆரம்பித்தாலே அதில் கோபித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"வடக்கேருந்து ரெண்டு பேரு வர்றாங்க, இவளுக்குத் துணைக்கு. ஆணு ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. இவ மனசு அமைதியா இருந்தாத்தான் அதுங்களைச் சேத்துக்குவா. இல்லாட்டி அடிச்சிக் கிழிச்சிக்குவாங்க. அப்புறம் பிரிச்சு வச்சிடுவாங்க, காலத்துக்கும் இவ தனிதான். அதனால கொஞ்ச நாளைக்கு நீங்க இந்தப் பக்கம் வர வேணாம்."

"யாருமே வரக் கூடாதா?"

"மத்தவங்க வரலாம்."

"நான் மட்டும்?"

"நீங்க மட்டும்தான் பெரியவரே. மத்தவங்க வந்தா சத்தம் போடுவாங்க, படம் எடுப்பாங்க, போயிடுவாங்க. இவ கண்டுக்க மாட்டா. நீங்க வந்து நின்னா போதும், அன்னிக்குப் பூரா கையைப் போட்டுப் புண்ணாகறாப்பல சொறிஞ்சுக்கினு உக்காந்திருப்பா. பழம் வச்சாத் தொட மாட்டா."

"என்னைப் பார்த்தால் சிரிக்கிறாளே அம்மா."

"அது சிரிப்பில்ல. பயம்."

அதோடு அவள் விடவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, தன் முகத்தையே வைத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். நட்டநடுப் பகலில், ஜனங்கள் போய் வருகிற இடத்தில். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இத பாருங்க, இது பயம்." இரண்டு வரிசைப் பல்லையும் சேர்த்துக் கடித்துக்கொண்டு உதட்டை விரித்தாள். "இது விளையாட்டு." வாயைத் தொளதொளவென்று திறந்து, மேலுதட்டை இறக்கி மேல்வரிசைப் பல்லை மூடிக்கொண்டாள். "மேல்பல்லு தெரியக் கூடாது. கீழ்ப்பல்லு மட்டும் தெரியலாம். அதான் அதுங்களுக்குச் சிரிப்பு. இது, வேணும்னு ஏங்கறது." உதட்டைப் புனல் மாதிரி குவித்தாள். "இது நிம்மதி." கீழுதட்டை அப்படியே தொங்கவிட்டாள்.

குடும்பத்தோடு போன ஒருவன், "அக்கா, நீ எந்தக் கூண்டு?" என்று கேட்டான்.

"உங்க வூட்டுக்குப் பக்கத்துக் கூண்டுதான்டா தம்பி. தெரியல?" என்றாள். அவன் பெண்டாட்டி சிரித்த சிரிப்பில் இடுப்புக் குழந்தை அழுதுவிட்டது.

நான் மெதுவாகக் கேட்டேன். "அந்தக் கையை நீட்டுவாளே, அது?"

"ஒண்ணும் பண்ணாதேன்னு கேக்கறா. அதுங்க பெரிசுகிட்ட அப்பிடித்தான் கையை நீட்டும். பெரிசு அதைத் தொட்டா தைரியம் வந்துடும். நீங்க கும்பிட்டுப் போயிடறீங்க."

தம்பி, நீங்களே சொல்லுங்கள். என்னைப் பார்த்தால் பயப்படுகிற மாதிரியா இருக்கிறது? சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? மில்லில் என் பிரிவில் இருந்தது முழுக்கப் பெண்பிள்ளைகள். மற்ற மேஸ்திரிகள் வாயைத் திறந்தால் காது கொடுத்துக் கேட்க முடியாது. நான் ஒருவன்தான் திட்டாத மேஸ்திரி. கை பட்டதில்லை, வாய் பட்டதில்லை. பின்னால் போய் நிற்பேன். முடிச்சுச் சரியாக விழுகிறதா, கோன் சமமாக ஏறுகிறதா என்று பார்ப்பேன். வாய்க்குள் எண்ணிக்கொள்வேன். அவ்வளவுதான். நான் போனால் அத்தனை பிள்ளைகளும் சிரித்த முகமாகத் திரும்பும். பேச்சியம்மாள் என்று ஒரு பெண், நான் பக்கத்தில் நின்றால் அவளுக்குக் கை நடுங்கும், நூல் அறுந்துபோகும். ரத்தசோகை. முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னேன். அப்படியெல்லாம் பார்த்துக்கொண்டேன். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் யாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவரவர்க்கு வேலை.

வீட்டிலும் அப்படித்தான். சுகன்யா எப்போதும் சிரித்த முகம். நான் அடுப்படிக்குள் போனால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பிரிஜ்ஜோடு ஒட்டி நின்று வழி விடுவாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கேஸ் திருகு மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். கரண்டிகள் மாறி மாட்டியிருந்தால் எடுத்து உயரவாரியாக மாட்டுவேன். தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்திருந்தால் நிமிர்த்தி வைப்பேன். ஒரு வார்த்தை கிடையாது. ஒரு குறை சொன்னது கிடையாது. வந்துவிடுவேன்.

இப்படிப்பட்டவனைப் பார்த்து ஒரு குரங்குக்குப் பயமாம். பச்சையம்மாவிடம் சொன்னேன். "நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய் அம்மா" என்று.

"நம்பலேன்னா, நீங்க இல்லாதப்ப அவ எப்படி இருக்கான்னு வந்து பாருங்க."

"நான் இல்லாதபோது நான் எப்படிப் பார்ப்பது?"

"ஒளிஞ்சிருந்துதான். கொட்டடிக்குப் பின்னால நடை இருக்குது. அங்க ஒரு ஓட்டை இருக்குது. வாங்க."

மறுநாள் போனேன். வைக்கோல், தழை, பழக்கூடை எல்லாம் அடுக்கிய இருட்டு நடை. சுவரில் கையகலத்துக்கு ஒரு சந்து. கண்ணை வைத்தேன்.

இவள் ஒரு கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். தனியாகத்தான். கூட விளையாட யார் இருக்கிறார்கள்? சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்துத் தொப்பென்று விழுவாள். மல்லாந்து கிடந்து கோணியைக் காலால் மேலே எறிவாள். அது முகத்தில் வந்து விழும். விழுந்ததும் வாயைத் திறப்பாள். தொளதொளவென்று. மேல்வரிசைப் பல் தெரியவில்லை. உதடு மூடியிருந்தது. ஹஃ ஹஃ என்று மூச்சு மட்டும் சத்தமாக வந்தது. மறுபடி எறிவாள், மறுபடி அந்த மூச்சு.

நானும் ஒரு வருஷமாக நாள் தவறாமல் வருகிறவன். இவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இது வேறொருத்தி.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. வைக்கோல் தூசி தொண்டையில் பிடித்துவிட்டது. ஒரு செருமல் செருமினேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஆண்பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது வாசலில் நின்று ஒரு செருமல் செருமிவிட்டுத்தான் நுழைவான். உள்ளே பெண்கள் இருப்பார்கள், சேலை விலகியிருக்கும், ஏதாவது பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். திடுதிப்பென்று போய் நிற்பது மரியாதை இல்லை. என் அப்பா அப்படி, நானும் அப்படி. மில்லில் பிரிவுக்குள் நுழையும்போதும் செருமுவேன், மகன் வீட்டுக் கேட்டிலும் செருமுவேன், இங்கே அந்த வேப்பமரத்தடிக்கு வந்ததும் செருமுவேன். மரியாதைக்குத்தான்.

செருமியதும் கோணி கீழே விழுந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வேப்பமரம் இருக்கிற பக்கம் திரும்பி, அங்கே ஆளே இல்லை தம்பி, அந்த வெறும் இடத்தைப் பார்த்து உதட்டை இழுத்தாள். இரண்டு வரிசையும். மேல்வரிசை, கீழ்வரிசை. நான் வருஷம் முழுக்கப் பார்த்த அதே சிரிப்பு. பிறகு கையை அந்தப் பக்கம் நீட்டினாள்.

பச்சையம்மா என்னைப் பார்க்காமல் ஒரு பழக்கூடையைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தாள்.

"இது மரியாதை" என்று நான் சொன்னேன். "பயம் வேறு, மரியாதை வேறு."

"மரியாதைன்னா ஏன் பெரியவரே கோணியக் கீழ போட்டா?"

சட்டையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. யார் சிரித்தாலும் வாயைப் பார்க்கிறேன். பஸ்ஸில் சில்லறை வாங்கும்போது கண்டக்டர் சிரித்தார். மேல்வரிசை. மருந்துக் கடைக்காரப் பையன், நான் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சிரித்தான். இரண்டு வரிசையும். சாயங்காலம் அடுப்படியில் சுகன்யா. சரி விடுங்கள். பிற்பாடு பச்சையம்மாவே சொன்னாள், மனிதர்களுக்கு இது செல்லாதாம். "மனுசங்க எல்லாத்துக்கும் பல்லக் காட்டுவாங்க பெரியவரே, கல்யாணத்துலயும் காட்டுவாங்க, கடன் கேக்கவும் காட்டுவாங்க" என்றாள். அவளே சொன்ன பிறகு அதில் பேச்சு இல்லை.

கோமதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நர்ஸ் இருந்தாள். சின்னப் பெண், கேரளாப் பக்கம். என்னை வராந்தாவில் நிறுத்தி வைத்து, "அச்சா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. நீங்க உள்ளே வந்தா அம்மா எழுந்து உக்காந்துடறாங்க, ரெஸ்ட் எடுக்கறதில்லே" என்றாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவன் நான். உள்ளே போனேன். தூங்கிக்கொண்டிருந்த கோமதி என் செருமல் கேட்டு முழித்து, குழாய் மாட்டிய கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரி செய்துகொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். பார்த்தாயா என்று நர்ஸைப் பார்த்தேன் நான்.

எதற்கு இதைச் சொல்கிறேன்? ஆம், அந்தச் சந்தில் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரசம் நன்றாகத்தான் வைத்திருந்தாள் சுகன்யா.

அதற்கப்புறம் நான் இந்தப் பக்கமே வரவில்லை. ஜூவுக்கு வருவேன். வீட்டில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்களே, வராமல் என்ன செய்வது? பறவைக் கூண்டுகளுக்கு எதிரே பெஞ்சு இருக்கிறது, அங்கே உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு அங்கேயே இருப்பேன். நாரைகள் நல்ல பறவைகள். எந்தப் பக்கம் பார்க்கின்றன என்றே தெரியாது.

ஒரு நாள் பச்சையம்மா என்னைத் தேடிக்கொண்டு அங்கே வந்தாள். "இன்னா பெரியவரே, ஒரேயடியா ஊரை விட்டே போயிட்டீங்களோன்னு பார்த்தேன்."

"அவர்கள் வந்துவிட்டார்களா?"

"வந்தாச்சு. பக்கத்துக் கொட்டடியில இருக்காங்க, நடுவுல கம்பி வலை. அதுங்க வலையத் தட்டித் தட்டிக் கூப்பிடுதுங்க. இவ போக மாட்டேங்கறா. முதுகைக் காட்டிக்கினு வேப்பமரத்தையே பார்த்துக்கினு உக்காந்திருக்கா. நீங்க வர்ற வழிய."

"என்னைத் தேடுகிறாளா?"

அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். "தேடறாளா, எங்க வந்துடப் போறீங்களோன்னு பார்க்கறாளா, எனக்குத் தெரியல பெரியவரே. ஆனா வர்றீங்களா இல்லியான்னு தெரியாம இருக்கறதுதான் ரொம்பக் கஷ்டம். வாங்க. வேற மாதிரி வந்து பார்ப்போம். நீங்க சும்மா ஒரு ஆளுன்னு அவளுக்குத் தெரியட்டும்."

எப்படி வர வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். செருமக் கூடாது. கையைப் பின்னால் கட்டக் கூடாது. நிற்கவே கூடாது, தாழ உட்கார வேண்டும். வாய்க்குள் எண்ணக் கூடாது, உதடு அசைந்தால் அவளுக்குத் தெரியுமாம். வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டு தன் பாட்டுக்கு இருக்க வேண்டும், வேலை இருக்கிற ஆளைப் பார்த்தால் அவளுக்குப் பயமில்லையாம். எல்லாவற்றுக்கும் மேலே, திரும்பி உட்கார வேண்டும். பார்க்கக் கூடாது.

"பார்க்கக் கூடாதென்றால் நான் எதற்கு வருவது?" என்று கேட்டேன்.

"அவளுக்காக" என்றாள்.

வந்தேன். இதே திட்டில், இதே மாதிரி கண்ணாடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வாழ்நாள் முழுக்கக் கண்ணை வைத்துப் பிழைத்தவன் தம்பி நான். பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் கடலை உரிப்பது இருக்கிறதே, நெருப்பில் உட்கார்வது அது. கண்ணாடி கனமான கண்ணாடி, உள்ளே அவள் நடமாடுகிற சத்தம் கேட்காது. போகிற வருகிறவர்கள் முகத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். பச்சையம்மா அவ்வப்போது வந்து, "மூலையில இருக்கா" என்பாள். "கயித்துல ஏறிட்டா" என்பாள். "பல்லைக் காட்டறா, அசையாதீங்க" என்பாள். நான் கடலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாட்கள் அப்படித்தான் போயின. எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ணக் கூடாது என்று சொல்லியிருந்தாளே.

ஒரு நாள், மத்தியானம் கழிந்து, ஜனமே இல்லை. முதுகில் லேசாக ஒரு அதிர்வு. கண்ணாடி வழியாக. யாரோ சாய்ந்த மாதிரி.

"திரும்பாதீங்க" என்றாள் பச்சையம்மா. அவள் இதோ இந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வந்திருக்கிறாளா?"

"உங்க முதுகுக்குப் பின்னால உக்காந்திருக்கா."

"என்ன செய்கிறாள்?"

"உங்க சட்டக் காலரைப் பார்க்கறா. நூலு ஒண்ணு பிரிஞ்சு தொங்குதில்ல, அத எடுக்கப் பார்க்கறா. கண்ணாடி மேல விரல வச்சு வச்சுப் பார்க்கறா. அதுங்க ஒண்ணுக்கொண்ணு பேன் பார்க்குமே, அந்த மாதிரி. வேணுங்கறவங்களுக்குத்தான் பார்க்கும்."

"உதடு?"

"தொங்குது பெரியவரே. நல்லாத் தொங்குது."

எதையும் என் கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தீரும். கடைக்காரன் நிறுத்ததை மறுபடி நிறுத்துப் பார்க்கிறவன். அன்றைக்கு ஒருத்தி சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டேன். திரும்பினால் அவள் போய்விடுவாள். திரும்பாமல் இருந்தால் இருப்பாள். முதுகில் அந்த அதிர்வு இருக்கிறவரைக்கும் இருந்தேன். கடலை உரிக்கக் கை வரவில்லை. சும்மா தோட்டைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

இதோ அந்த நூல், பாருங்கள். காலரில் பிரிந்திருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. மில்லுக்காரன் சட்டையில் நூல் தொங்குவது வெட்கக்கேடு, தெரிந்திருந்தால் அன்றே வெட்டியிருப்பேன். இப்போது வெட்டவில்லை. இங்கே வரும்போது இந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகிறேன்.

புது ஆட்கள் இரண்டு பேரையும் போன வாரம் இவளோடு விட்டுவிட்டார்கள். அடித்துக்கொள்ளவில்லையாம். அந்த ஆணுக்கு ஒரு காது கிழிந்திருக்குமாம், இவள் அதையே நோண்டிக்கொண்டிருக்கிறாளாம். கோணிப்பைக்கு மூன்று பேரும் இழுபறியாம். எல்லாம் பச்சையம்மா சொன்னது. நான் இன்னும் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னைப் போல இவள் அடிக்கடி கண்ணாடிக்கு வருவதும் இல்லை. இன்றைக்கு வந்திருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். வராத நாளும் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். நல்லதுதானே, அவளுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

வீட்டிலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஹாலில் என் நாற்காலி அடுப்படி வாசலைப் பார்த்து இருந்தது. பேப்பர் படிக்க வெளிச்சம் போதவில்லை, ஜன்னல் பக்கம் திருப்பினேன். "ஏன் மாமா?" என்று கேட்டாள் சுகன்யா. "கழுத்து வலிக்குதும்மா" என்றேன். வெளிச்சம் என்று சொல்ல நினைத்து, வாயில் கழுத்து வந்துவிட்டது. அடுப்படிக்குள் இப்போது போவதில்லை. கரண்டிகள் எப்படி மாட்டியிருக்கின்றனவோ, இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் சில நாள் எனக்குப் பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட ஜாக்கிரதையாகத்தான் வந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணமாயிற்று. முந்தாநாள் சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் தங்கை என்ன சொன்னாளோ, இவள் சிரித்தாள் பாருங்கள். வீடு அதிர்ந்தது. மூச்சு வாங்கி, அடக்க முடியாமல், மறுபடி மறுபடி. தட்டு ஒன்று கீழே விழுந்து உருண்டது. அப்படி ஒரு சிரிப்பு அந்தப் பெண்ணிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. நான் திரும்பவில்லை.

அப்புறம் காப்பி கொண்டுவந்து என் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். "மாமா, காப்பி." எப்போதும் வைத்த கையோடு போய்விடுவாள். அன்றைக்குப் போகவில்லை. எனக்குப் பின்னாலேயே கொஞ்ச நேரம் நின்றாள். வளையல் சத்தம் நகரவில்லை. ஏதாவது சொல்ல வந்தாளோ என்னவோ. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா, குடிச்சுக்கிறேன்" என்றேன்.

அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. மேல்வரிசை தெரிந்ததா, மூடியிருந்ததா. இங்கே என்றால் பச்சையம்மா இருக்கிறாள், சொல்லிவிடுவாள். அங்கே யார் இருக்கிறார்கள்? குமரேசன் வர இருட்டிவிடும். வந்தாலும் அவனிடம் எப்படிக் கேட்பது, உன் பெண்டாட்டி என் முதுகுக்குப் பின்னால் எந்த முகத்தோடு நின்றாள் என்று?

காப்பி ஆறுகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.